சும்மா ஒரு நடை

"காலையில் கொஞ்சம் நடங்கள், உடம்புக்கு நல்லது" என்று யாராவது நம்மவர்களிடம் சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது. நமக்கா நடக்கச் சொல்லித் தர வேண்டும்? விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நடந்தவர்கள் நாம். ஐந்நூறு, அறுநூறு மரங்களைச் சுற்றி வந்து பால் வெட்டி, மறுபடியும் அதே மரங்களைச் சுற்றி வந்து பால் எடுத்து, காண்டா வாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு பால் நிறுக்கும் இடத்துக்கு நடந்தவர்கள். அந்த நடையைக் கட்டைக் கணக்கில் அளந்திருந்தால் இந்நேரம் நாம் காசிக்கே போய்த் திரும்பியிருப்போம்!

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த நடையெல்லாம் வேலைக்காக நடந்த நடை. தோட்டத்தில் காரியமில்லாமல் ஓர் ஆள் நடந்து போனால், "எங்கே போறே?" என்று கேட்க வழியில் ஒரு கங்காணியாவது மண்டோராவது நின்றிருப்பார். அதற்கு ஒரு பதில் வேண்டும். பதில் இல்லாத நடை நமக்குப் பழக்கமில்லை.

பட்டணத்துக்கு வந்தபோதும் அதே கதைதான். சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவோம். மளிகைச் சாமான், பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை, அடகுக் கடையில் வட்டி, மருத்துவமனையில் மாத்திரை, அலுவலகத்தில் ஒரு பாரம். கையில் பை, மனத்தில் பட்டியல், கண் முழுக்கத் திரும்பிப் போகும் பஸ்ஸின் மேல். பட்டணம் என்றால் காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பிப் போக வேண்டிய இடம். அது நம்முடைய இடம் என்ற நினைப்பு அப்போது எழவில்லை. எழ நேரமும் இல்லை.

பின்னர் காலம் மாறியது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் கைமாறின, வீட்டுமனைகளாயின, தொழிற்பேட்டைகளாயின. குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. ஆயினும் பட்டணத்தை நாம் அறிந்திருப்பது இன்னமும் அந்தப் பழைய பட்டியல் வழியாகத்தான். இருபது வருடம் ஒரே ஊரில் குடியிருந்தும், கிளினிக்குக்கும் கடைக்கும் போகும் வழியைத் தவிர வேறு வழி தெரியாத பெரியவர்கள் எத்தனை பேர்!

ஆகையால் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. தினமும் காலையில் அரை மணி நேரம் காரியமில்லாமல் நடங்கள். பை வேண்டாம், பட்டியல் வேண்டாம். உடம்புக்கு அது நல்லது என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும். அதைவிடப் பெரிய இலாபம் ஒன்று உண்டு. வாடகை கட்டியும் வரி கட்டியும் சொந்தமாகாத ஊர், நடந்து பார்த்தவருக்குச் சொந்தமாகிவிடுகிறது.

நம்பிக்கை வரவில்லையா? ஜோகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியையே எடுத்துக்கொள்வோம். ஜோகூர் பாருவிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், ஜோகூர் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். பெரிய நகரமல்ல. பஸ்ஸில் கடந்து போகிறவர்களுக்கு ஒரு பாலமும் சில கடை வரிசைகளும் மட்டும் கண்ணில் படும். அந்த ஊரில் ஒரு நாள் காலை என்னோடு நடந்து பாருங்கள்.

காலை ஆறரை மணி. இன்னும் இருட்டாக இருக்கிறதே என்று தயங்குகிறீர்களா? அதில் தவறு சூரியன் மேல் இல்லை, கடிகாரத்தின் மேல்தான். 1982 ஜனவரி 1-ஆம் நாள், சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக, தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அதற்கு முன் ஆறு மணி என்று நாம் சொன்ன நேரத்தைத்தான் இப்போது ஆறரை என்கிறோம். இந்தப் பக்கத்தில் சூரியன் எழுவது ஏறக்குறைய 7 மணிக்கு. வயதான தோட்டக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், "பழைய நேரம், புது நேரம்" என்று இன்றும் கணக்குச் சொல்வார்.

இந்த இருட்டு நமக்குப் புதிதா என்ன? இரவு முழுவதும் மரம் வேரால் உறிஞ்சிய நீர், வெயில் ஏறுமுன் உடம்பு முழுதும் நிறைந்து நிற்கும். அந்த வேளையில் பட்டையைச் சீவினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறி இலை நீரை இழக்கத் தொடங்கியதும் ஓட்டம் குறைந்துபோகும். அதனால்தான் நம் தாய்மார்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் நிரையில் நின்றார்கள். மரத்துக்கு நல்ல நேரம் எதுவோ, அதுவே மனிதர் நடப்பதற்கும் நல்ல நேரம். இத்தனை வருடம் மரத்துக்குக் கொடுத்த அந்த விடியற்காலையில் அரை மணியை இனி உங்களுக்கே கொடுத்துக்கொள்ளுங்கள்.

சாலைக்கு வந்ததும் முதலில் கண்ணில் படுவது தெருப்பெயர்ப் பலகை. 'ஜாலான்' என்று தொடங்கும். ஜாலான் என்றால் சாலை. இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே மலாய்ச் சொல்லுக்கு 'நட' என்றும் பொருள் உண்டு. ஜாலான்-ஜாலான் என்று இரண்டு தரம் சொன்னால் சும்மா உலாவி வருவது. ஒவ்வொரு முச்சந்தியிலும் அரசாங்கமே பலகை நட்டு "நட, நட" என்று சொல்லிக்கொண்டிருக்க, நாம்தான் அதை முகவரி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

இந்நேரத்தில் சாலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தொழிற்சாலை பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் பெண்கள். ஒருத்தி நின்றபடியே தலை வாரி முடிக்கிறாள், இன்னொருத்தி பொட்டலத்து நாசி லெமாக்கைப் பையில் பத்திரப்படுத்துகிறாள். மோட்டார் சைக்கிளில் பறக்கும் இளைஞர்களைப் பாருங்கள். காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருக்கிறார்கள். பாசிர் கூடாங்குக்குப் போகிறவர் உண்டு, ஜோகூர் பாருவுக்குப் போகிறவர் உண்டு. சிங்கப்பூர் போகிறவர்களோ நீங்கள் போர்வையை விலக்குமுன்னே போய்விட்டார்கள். பெரட்டுக் களம் மறைந்துபோனது என்று யார் சொன்னது? அது சாலைக்கு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து ஒரு புன்னகை செய்யுங்கள். விடியலில் எழுந்து வேலைக்குப் போவது எப்படிப்பட்டது என்று உங்களைவிட அறிந்தவர் யார்?

இனிக் கடைத்தெரு. முன்பக்கம் மூடிய நடைபாதை கொண்ட கடை வரிசையில் நடங்கள். இதை மலாயில் 'காக்கி லீமா' என்பார்கள். ஐந்தடி என்று பொருள். 1822-இல் சிங்கப்பூர் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோது, கடைகளின் முன்னே மக்கள் நடப்பதற்குத் தொடர்ச்சியான கூரையிட்ட வழி விட வேண்டும் என்று ராபிள்ஸ் விதித்தார். அந்த வழக்கம் பின்பு இந்த நாட்டுப் பட்டணங்களுக்கெல்லாம் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் குடை வேண்டாத பாதை. ஆனால் காலைப் பார்த்து வையுங்கள். ஒரு கடையின் தரை ஒரு சாண் மேலே இருக்கும், அடுத்த கடையின் தரை ஒரு சாண் கீழே இருக்கும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு முழங்கால் அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

தலையை நிமிர்த்தி விளம்பரப் பலகைகளைப் படியுங்கள். படிக்கிறவர் இல்லாமல் அவை காலை நேரத்தில் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். 'கெடாய்' என்ற சொல் எத்தனை பலகைகளில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். சாப்பாட்டுக் கடை, தையல் கடை, இரும்புக் கடை, எல்லாமே கெடாய்தான். அது எங்கிருந்து வந்த சொல் தெரியுமா? நம்முடைய 'கடை'தான். கப்பல் ஏறி வணிகத்துக்கு வந்த நம் முன்னோர், சரக்கோடு சொற்களையும் இறக்கிவிட்டுப் போனார்கள். அந்தக் கப்பலும் மலாயில் 'காப்பால்' ஆயிற்று. பெட்டி, 'பெத்தி', குளம், 'கோலாம்', வியாபாரத்துக்குப் போடும் முதல், 'மோடால்'. வங்கி வாசலில் நிற்கும் காவலாளியின் சட்டையைப் பாருங்கள், 'பெங்காவால்' என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லின் நடுவே நம்முடைய 'காவல்' ஒளிந்திருக்கிறது.

இன்னும் கேளுங்கள். இந்த ஊரின் பெயர் கோத்தா திங்கி. உயரமான கோட்டை என்று பொருள். அந்தக் 'கோத்தா'வும் நம் 'கோட்டை'யும் உறவுச் சொற்கள். "இது நம்ம ஊர் இல்லை, நாம் வந்து ஒட்டிக்கொண்டவர்கள்" என்று சில பெரியவர்கள் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறேன். கடைக்குக் கடை உங்கள் தாத்தாவின் சொல்லைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருக்கும் ஊரில் நீங்கள் அந்நியரா? பேரப்பிள்ளை பக்கத்தில் வந்தால் இந்தச் சொற்களைக் காட்டிக் கொடுங்கள். பாடப்புத்தகம் இல்லாமல் படிக்கும் பாடம் அது.

கோப்பிக் கடை திறந்துவிட்டது. உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வாசலில் நடந்து போனாலே காதில் விழும். "தே தாரிக் கூராங் மானிஸ்!" என்று ஒரு குரல். அதாவது இனிப்பைக் குறை. "கோப்பி ஓ கோசோங்!" என்று மற்றொரு குரல். அதாவது பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம். டின் பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றி இனிக்க இனிக்கக் குடித்தே பழகிய நாட்டில் இந்த 'கோசோங்' ஏன் இத்தனை பேர் வாயில் வருகிறது?

காரணம் நமக்கு நன்றாகத் தெரியும். 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்! இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். நம் வீடுகளில் இனிப்பு நீர் இல்லாத குடும்பத்தை விரல் விட்டுத்தான் எண்ண வேண்டும். காலை இழந்தவர்கள், கண் மங்கியவர்கள், வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்கள், இவர்களில் ஒருவராவது நம் சொந்தத்தில் இல்லாமலா இருக்கிறார்?

"தோட்டத்தில் அதே சோறுதானே சாப்பிட்டோம், அதே தேத்தண்ணிதானே குடித்தோம், அப்போது வராத நோய் இப்போது ஏன்?" என்று கேட்பவர்கள் உண்டு. மரபும் வயதும் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு பக்கத்தை யோசித்துப் பாருங்கள். அன்று சோற்றோடு மலையேற்றமும் இருந்தது. நடக்கும்போது காலின் தசை இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்து எரித்துக்கொள்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில்கூட, உழைக்கும் தசைக்கு அந்தத் திறமை உண்டு. தோட்டத்தை விட்டு வந்தபோது சோற்றைக் கொண்டு வந்தோம், தேத்தண்ணியைக் கொண்டு வந்தோம். நடையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். அதாவது வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. நாம் அன்று நடந்ததோடு ஒப்பிட்டால் இது ஒரு நிரைக்குக் காணுமா?

கோப்பிக் கடையின் ஓரத்து மேசையில் தமிழ்ப் பத்திரிகை ஒன்று கிடக்கும். ஒருவர் உரக்கப் படிப்பார், இருவர் கேட்பார்கள். 1924-இல் தொடங்கி மூன்று தலைமுறை படித்த 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோயிற்று. ஆனாலும் ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் அந்த வழக்கம் நிற்கவில்லை. கேட்பவருக்குக் கண் தெரியவில்லையா, எழுத்துத் தெரியவில்லையா என்று படிப்பவர் கேட்பதில்லை. நல்ல மனிதர்கள் அப்படித்தான்.

காலைச் சந்தைக்கு வாருங்கள். மீன்காரர் ஐஸைக் கொட்டுகிற சத்தம். கீரைக் கட்டில் இன்னும் காயாத ஈரம். வாழை இலையை அடுக்கும் மலாய்க்கார மூதாட்டி. பழக் கடையில் பிளந்து வைத்த பலாப்பழம் இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். மலாயில் அதை 'நங்கா' என்பார்கள். இந்த ஊரின் சரித்திரமே ஒரு பலாச்சுளையில் திரும்பியது என்று மலாய் மக்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு.

ஜோகூரை ஆண்ட சுல்தான் மாமுட் ஷாவின் காலம். படைத்தலைவர் மெகாட் ஸ்ரீ ராமா கடலுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி பிள்ளைத்தாய்ச்சி. அரண்மனைக்குப் போகும் பலாப்பழத்தைப் பார்த்து மசக்கையில் ஆசைப்பட்டு ஒரு சுளை கேட்டு வாங்கித் தின்றாள். அரசருக்கு முன் உண்டது குற்றமாயிற்று. "பிள்ளைதான் ஆசைப்பட்டது" என்று அவள் கெஞ்ச, அதைச் சோதிப்பதற்கென்றே வயிற்றைக் கிழிக்கச் சொன்னாராம் சுல்தான். திரும்பி வந்த கணவர், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தோளில் சுமந்து செல்லப்பட்ட சுல்தானைக் குத்திக் கொன்றார். சுல்தான் கொல்லப்பட்டது 1699-இல். மலாக்கா அரச பரம்பரையின் நேர்வழி அவரோடு முடிந்தது. தோளில் சுமக்கப்பட்டபோது இறந்தவர் என்ற பொருளில் அவருக்கு 'மங்காட் டிஜுலாங்' என்ற பெயர் நின்றுவிட்டது. அவருடைய சமாதி இதே கோத்தா திங்கியில், கம்போங் மக்காமில் இருக்கிறது.

கதையில் எது நடந்தது, எது பின்னால் சேர்ந்தது என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆசைப்பட்டதைக் கொடுக்காதவன் வீடு விளங்காது என்று நம் பாட்டிமார் சொல்லவில்லையா? அதே நியாயத்தைத்தான் மலாய்ப் பாட்டிமாரும் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பலாப்பழத்தின் முன்னே நின்று யோசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு நெருங்கி வந்துவிடுகிறார், பார்த்தீர்களா?

இப்போது வெளிச்சம் வந்துவிட்டது. ஆற்றைப் பார்க்கலாம். ஜோகூர் ஆறு பார்ப்பதற்குக் கலங்கலாக, அவசரமில்லாமல், ஒன்றும் தெரியாதது போல ஓடிக்கொண்டிருக்கும். இதன் தண்ணீரில் ஒரு பகுதி நாடு விட்டு நாடு போகிறது. 1962-இல் செய்த ஒப்பந்தத்தின்படி, 2061 வரை, நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை இந்த ஆற்றிலிருந்து எடுத்துக்கொள்ளச் சிங்கப்பூருக்கு உரிமை உண்டு. மேல்பகுதியில் லிங்கியு நீர்த்தேக்கம் 1995-இல் கட்டி முடிக்கப்பட்டது. மழை குறைந்த காலத்தில் அங்கிருந்து தண்ணீரைத் திறந்து விடுகிறார்கள். இல்லாவிட்டால் கடலின் உப்பு ஆற்றில் மேலேறி வந்து குடிநீரைக் கெடுத்துவிடும். காலையில் தெற்கு நோக்கிப் போகும் நம் பிள்ளைகளும், தெற்கு நோக்கிப் போகும் இந்தத் தண்ணீரும், இரண்டுமே அந்தத் தீவுக்கு வேண்டியிருக்கிறது. எத்தனை வீட்டுக் குழாயில் நம் ஆறு ஓடுகிறது என்று நினைத்துப் பார்த்தால் இந்தச் சிற்றூர் சிற்றூராகத் தோன்றாது.

சாதுவான இந்த ஆறுதான் ஒரு காலத்தில் ஊரையே விழுங்கியது. 2006 டிசம்பர் மாதம் பெய்த பெருமழையில் கோத்தா திங்கி மூழ்கியது. வீட்டைக் கழுவி, சேற்றை வாரி, பாயைக் காயப் போட்டு முடித்தார்களோ இல்லையோ, 2007 ஜனவரியில் மறுபடியும் வெள்ளம்! மாநிலம் முழுவதும் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டுத் தற்காலிக முகாம்களுக்குப் போனார்கள். மேலேயிருந்து மழை நீர் வர, கீழேயிருந்து கடலேற்றம் தடுக்க, நடுவில் அகப்பட்ட ஊர் என்ன செய்யும்? அந்த நாளை அனுபவித்த கடைக்காரர் யாரையாவது, "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லமாட்டார், கையைத் தூக்கிச் சுவரில் ஓர் இடத்தைக் காட்டுவார். அந்த வெள்ளம் தமிழர் வீடு, மலாய்க்காரர் வீடு, சீனர் வீடு என்று பார்த்து நுழையவில்லை. ஒரே பள்ளிக்கூடத்துத் தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் ஒருவரை ஒருவர் இன்றும் சந்தையில் கண்டால் நின்று பேசுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் இன்றும் இந்த ஊர்க்காரர்களின் கண் ஆற்றின் மேல்தான். தினமும் நடந்து ஆற்றைப் பார்க்கிறவருக்கு அது எப்போது வழக்கத்துக்கு மாறாக ஏறுகிறது என்பது முதலில் தெரியும். இதுவும் ஒரு பயன் அல்லவா?

திரும்பும் வழியில் ஜாலான் தாஜுல். அந்தச் சாலையின் பெயரைத் தாங்கி நிற்கிறது இந்த ஊர்த் தமிழ்ப்பள்ளி. பள்ளிப் பையின் கனத்தில் பின்பக்கம் சாய்ந்தபடி இறங்குகிற பிள்ளைகள், "சாப்பாட்டு டப்பாவை மறந்துடாதே!" என்று காடியிலிருந்து கத்தும் அம்மா. இந்த வட்டாரத்தில் ரெம் தோட்டம், தெலுக் செங்காட் தோட்டம் என்று தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. இங்கே பட்டணத்துப் பள்ளி வாசலில் நிற்கும்போது, மரத்தைச் சுற்றிய காலின் பலன் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். நம் பிள்ளைதான் என்பதில்லை. எந்தப் பிள்ளையாய் இருந்தால் என்ன?

இவ்வளவும் அரை மணியில் பார்க்க முடியுமா என்று கேட்காதீர்கள். ஒரே நாளில் முடியாது. இன்று கடைத்தெரு, நாளை ஆற்றங்கரை, மறுநாள் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014 முதல் ஜோகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாய் இருந்து, 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனியும் ஞாயிறும் ஆகிவிட்டது. ஆகவே வேலைக்குப் போகும் மகனையோ மருமகளையோ ஞாயிறு காலையில் துணைக்கு அழைக்கலாம்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆண்பிள்ளை நடந்தால் யாரும் கேட்பதில்லை. ஒரு பெண் கையில் பையில்லாமல் வீட்டை விட்டு இறங்கினால், "எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்று பக்கத்து வீட்டிலிருந்து கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவள் கெட்டவளல்ல, வழக்கம் அப்படி. அதற்குப் பயந்தே பலர் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கப் போவதாகச் சாக்குச் சொல்கிறார்கள். வேண்டாம். "சும்மா நடந்துட்டு வரேன்மா" என்று சொல்லுங்கள். 'சும்மா' என்ற சொல்லை நம் பாட்டிமார் வாழ்நாளில் ஒரு நாள்கூடச் சொல்ல முடிந்ததில்லை. சும்மா இருந்தால் சம்பளம் வெட்டு. சும்மா நின்றால் ஏச்சு. சும்மா நடந்தால் விசாரணை. அவர்கள் வாங்கித் தராத அந்தச் சொல்லை நாமாவது தலைநிமிர்ந்து சொல்வோம். இரண்டாம் நாள் அதே பக்கத்து வீட்டுக்காரி, "இருங்கக்கா, நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். துணையும் ஆயிற்று, பேச்சும் ஆயிற்று.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். இனிப்பு நீர் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. கால் மரத்துப் போயிருந்தால் முள் குத்தியதே தெரியாது. சப்பாத்தை மாட்டுமுன் உள்ளே கல், எறும்பு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். வீடு திரும்பியதும் இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும், இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இரண்டு மிட்டாய் சட்டைப் பையில் வைத்திருங்கள். திடீரென்று வியர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போட்டுக்கொள்ள உதவும். இருட்டில் வெளிறிய நிறச் சட்டை போடுங்கள். வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாய்த் தொல்லை இருக்கும் இடத்தில் ஒரு கம்பு கையில் இருக்கட்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நடங்கள்.

இன்னமும் தோட்டத்திலேயே இருக்கும் வாசகர்கள், "இதெல்லாம் பட்டணத்துக்காரர்களுக்கு" என்று ஏட்டைப் புரட்டிவிட வேண்டாம். வேலை நாளில் உங்களுக்கு நடை போதும் போதும் என்றிருக்கும். ஓய்வு நாளில் மட்டும் ஒரு முறை, வாளியும் கத்தியும் இல்லாமல், அதே செம்மண் பாதையில் பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். கோயிலை யார் கட்டினார்கள், பழைய பள்ளிக்கூடம் எங்கே இருந்தது, எந்த லயத்தில் யார் பிறந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே நடங்கள். நாளைக்கு அந்த இடம் வீட்டுமனையாக மாறினாலும், நடந்த பிள்ளையின் மனத்தில் தோட்டம் இருக்கும்.

நிலம் வாங்கப் பணம் வேண்டும். வீடு வாங்கக் கடன் வேண்டும். ஓர் ஊரை நம்முடையதாக்கிக்கொள்ள இரண்டு கால்களும் அரை மணி நேரமும் போதும். நம் கால்கள் இத்தனை காலம் யார் யாருக்கோ உழைத்தன. நாளைக் காலையில் பொழுது புலருமுன் எழுந்திருங்கள். பசியாறுவதற்கு முன் முகம் கழுவி, ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே வாருங்கள். எங்கே என்று யாராவது கேட்டால், என்ன பதில் சொல்ல வேண்டுமென்று இப்போது உங்களுக்குத் தெரியும்.